மூட்டிய கைலி

சிதம்பரத்தில் கலைமணி அக்கா நடத்தும் துணிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பில் போட அல்ல, எந்தத் துணியை எதோடு போடலாம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல ஆள் வேண்டுமாம். கடையில் கட்டம் போட்ட குறிஞ்சிப்பாடித் துணி அடுக்கியது அடுக்கியபடி இருந்தது. கைலித் துணியாச்சே என்று எல்லாரும் வைத்துவிட்டுப் போகிறார்களாம். அதில் ஒரு துண்டைக் கொடுத்து, திங்கட்கிழமை பத்து மணிக்கு இதை உடுத்திக்கொண்டு வா, பார்த்துவிட்டு வேலையைப் பற்றிப் பேசலாம் என்றார். பி.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருப்பவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நீலத்தில் சிவப்புக் கட்டம், இரண்டேகால் மீட்டர். வெள்ளிக்கிழமை அதைக் கடலூரில் எங்கள் தெருத் தையல்காரர் தங்கராசு அண்ணன் கடையில் கொடுக்கப் போனேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். அளவுக்குப் பழைய சுடிதார் ஒன்றை மேலே வைத்து, 'டாப்ஸ், வெண்மதி' என்று சீட்டு எழுதி அந்தச் சுடிதாரில் குத்திவிட்டு வந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் போனால், அளவு சுடிதார் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தது. துணியோ இரண்டு முனையும் சேர்த்து மூட்டி, இஸ்திரி போட்டு மடித்திருந்தது.

"சீட்டு சுடிதாருக்கு, துணி அப்பா கைலின்னு நெனச்சிட்டேம்மா. கட்டத்தப் பாத்தா கை தானா மூட்டிடுது," என்றார். பிரித்துத் தைக்க நேரமில்லை. மறுநாள் விடியற்காலை திருவந்திபுரத்தில் அவர் மச்சானுக்குக் கல்யாணம், பாதி ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்.

வீட்டில் அப்பா அதைப் பார்த்து, "எனக்கா?" என்று கை நீட்டினார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இடுப்பில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்தேன். மிச்ச அகலத்தை முன்பக்கம் ஒரே மடிப்பாக்கி மூன்று ஊக்கு குத்தினேன். மேலே பூப்போட்டது எதுவும் ஒத்துவரவில்லை, கட்டமும் பூவும் சண்டை போட்டன. சிவப்பு டாப்ஸ் கண்ணைக் குத்தியது. கடைசியில் வெள்ளைச் சட்டை, கையை முழங்கை வரை மடித்துவிட்டு, மெல்லிய கறுப்பு பெல்ட்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த தேவனாம்பட்டினத்து அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வூட்டுக்காரரு இதே கைலிதான் வச்சிருக்காரு. அவருக்கு இவ்ளோ எடுப்பா இல்ல," என்றார். எங்கே தைத்தது என்றும் கேட்டார்.

கலைமணி அக்கா என்னைச் சுற்றி வந்து பக்கத் தையலை விரலால் தடவினார்.

"மூட்டின கைலிதான இது?"

நானே யோசித்துத் தைத்த பாவாடை என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஏணியில் ஏறி மேல்தட்டுத் துணியை எடுக்கச் சொன்னார். ஏறினேன், எடுத்தேன், இறங்கினேன். ஊக்கு ஒன்றும் விடவில்லை.

"ஒரே ஒரு தையல்தான். அப்ப தையக்கூலிக்கு யோசிக்கிற பொண்ணுங்ககூட வாங்குவாங்க," என்றார். பச்சைக் கட்டத்தில் இன்னொரு துண்டு கிழித்தார். "நாளையிலேருந்து வேலைக்கு வந்துடு. புதன்கிழமை இத வேற மாதிரி போட்டுட்டு வா."

சாயங்காலம் தங்கராசு அண்ணன் நெற்றியில் கல்யாணச் சந்தனத்தோடு கடையைத் திறந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மறுபடி மன்னிப்புக் கேட்டார். நான் பச்சைத் துணியை நீட்டினேன்.

"இதையும் மூட்டிடுங்கண்ணே."

குத்திக் காட்டுகிறேனோ என்று என் முகத்தையே பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு அவரே சீட்டு எழுதித் துணியில் குத்தினார்: 'மூட்டவும். கைலி இல்லை.'