மூடக்கூடாத குழாய்

நர்ஸுக்கு அந்த மருந்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கொழுப்பிலிருந்து உண்டாகும் புராஸ்டகிளாண்டின் அது. பிள்ளை வயிற்றில் இருந்தவரை தாயின் நஞ்சுக்கொடியே சுரந்து கொடுத்தது. பிறந்ததும் மூடிக்கொள்ளும் இதயக் குழாயைத் திறந்து வைக்கும். கோணல் இதயத்தோடு பிறந்த இந்தப் பச்சைப் பிள்ளைக்கு அந்தக் குழாய்தான் உயிர். ஆனால் பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற மருந்து. மூச்சுவிடுவதையே மறக்கச் செய்யும். மறக்கும்போதெல்லாம் தாய் பிஞ்சுப் பாதத்தைச் சுண்டிவிடுவாள்.

அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மருந்தை நிறுத்திவிடலாமா என்று அவர் கேட்க, தாய் தலையசைத்ததும் நர்ஸ் அதை நிறுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் மூச்சு சீரானது.

"பாருங்க சிஸ்டர், இப்ப சுண்டாமலே மூச்சு விடறான்."

"ஆமாம்மா," என்ற நர்ஸ், நீலம் பாயத் தொடங்கிய விரல்களைப் போர்வைக்குள் மறைத்தாள்.