ஒரே ஒரு முறை திறக்கும் படம்

1

இந்தக் கதை ஒரு செயலியின் புதுப்பிப்புக் குறிப்பிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரை நகரமான கிசுமுவில் மின்சாரம் போன ஒரு மதியம், கோப்புகளைப் பத்திரமாக அனுப்பும் செயலி ஒன்று என் போனில் அறிவித்தது: 'புதிய வசதி. அனுப்பிய கோப்பு ஒரே ஒரு முறைதான் திறக்கும். பிறகு இரண்டு பக்கமும் அழிந்துவிடும்.' 'சரி'யை அழுத்திய பிறகுதான் அதைப் படித்தேன். எல்லாரும் அப்படித்தானே.

2

'ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தபடி நெகேசா...'

வேண்டாம். அந்த ஸ்கேன் மையத்தில் ஜன்னலே கிடையாது.

நெகேசா அங்கே படம் எடுப்பவள். எதை அனுப்பினாலும் அனுப்பியவரே லிங்க்கைத் திறந்து ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பது அந்த மையத்தின் வழக்கம். எப்போதோ படமே இல்லாத காலிக் கோப்பு ஒன்று நைரோபிக்குப் போய் மானம் போனதிலிருந்து அதுதான் சட்டம். [அந்த மானக்கேட்டை ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன்.]

அன்று காலை அந்த மையத்திலும் இதே செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அடிக்கடி வலிப்பு வரும் அச்சோலா என்ற சிறுமியின் தலைப் படத்தை நைரோபியில் அறுவை மருத்துவர் முட்டிசோவுக்கு நெகேசா அனுப்பினாள். வழக்கப்படி திறந்து பார்த்தாள். மூடினாள். சற்று நேரத்தில் முட்டிசோவிடமிருந்து தகவல் வந்தது: எதுவும் திறக்கவில்லை, இன்றைக்குள் படம் வராவிட்டால் இந்த வார அறுவைக்கு வேறு நோயாளியை எடுத்துக்கொள்வேன். அப்போதுதான் நெகேசா அந்தப் புதுப்பிப்புக் குறிப்பைப் படித்தாள்: அந்த ஒரு முறையை அவளே திறந்து தீர்த்திருந்தாள்.

(ஸ்கேன் இயந்திரத்தில் பிரதி இருக்காதா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். இடமில்லையென்று அனுப்பிய கையோடு அதைத் துடைத்துவிடுவார்கள். இந்த ஒன்றை மட்டும் எனக்காக நம்புங்கள்.)

3

அச்சோலாவின் அம்மா அபோண்டி அதற்குள் பிள்ளையோடு மட்டாட்டு வேன் பிடித்துப் படகுத்துறைக்குப் போய்விட்டாள். தீவுப் படகில் ஏறிவிட்டால் இன்று திரும்ப முடியாது.

முதலில் நெகேசாவைப் போனில் பொய் சொல்ல வைத்தேன். எனக்கும் வேலை குறைவு.

"மெஷின்ல கோளாறு, அச்சோலாம்மா. இன்னொரு படம் எடுக்கணும், திரும்பி வாங்க."

"மறைக்காதீங்க சிஸ்டர். கெட்டது ஏதோ தெரிஞ்சிருக்கு, அதான் கூப்பிடுறீங்க. அப்படின்னா எதுக்கு வரணும்? வீட்லயே வச்சுப் பாத்துக்கிறேன்."

இந்த அபோண்டியை நான் யோசிக்கவே இல்லை. அவள் பாட்டுக்கு வந்து பேசிவிட்டாள். இனி பொய் செல்லாது.

4

"கோளாறெல்லாம் இல்ல. நான்தான் திறந்து பாத்து அழிச்சுட்டேன். தப்பு என்னோடது."

அபோண்டி ஏசுவதற்கு நான்கைந்து வரிகள் தயாராக வைத்திருந்தேன். அவள் ஏசவில்லை. பின்னால் படகுக்காரன் ஆட்களைக் கூப்பிடுவது கேட்டது.

"அப்ப என் பிள்ளை படத்தைப் பாத்தது நீங்க ஒருத்திதான்," என்றாள். "என்ன இருந்துச்சு?"

5

நெகேசா டாக்டர் இல்லை, சொல்லக் கூடாது. ஆனால் வருஷக்கணக்காகப் படம் எடுத்தவளுக்குக் கண் இருக்கிறது. ஒன்றுமில்லை என்றால் அபோண்டி நிம்மதியாகப் படகேறுவாள். இருந்தது என்றால் பயந்துபோய் ஏறுவாள். டாக்டர்தான் சொல்லணும் என்றால்...

[மூன்றையும் எழுதினேன். மூன்றையும் அழித்தேன்.]

அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. பிள்ளை திரும்பி வர வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அபோண்டியை வரவைக்கும் ஒரு வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் சொல்லுங்கள். படகின் கயிற்றை அவிழ்க்கிறார்கள். அபோண்டி இன்னும் போனை வைக்கவில்லை.