வேலியோர நீலம்

நெல்டாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. விடிந்ததும் வந்து பார்த்தால், இளஞ்சிவப்பு புளூபானெட் பூக்களுக்கு நடுவே மறுபடியும் நீலம். எண்ணினால் முப்பதுக்கு மேல் இருக்கும்.

டெக்சஸில் இந்தப் பூ நீலமாக இருப்பதுதான் ஊர் உலக வழக்கம். இவளுக்கு இளஞ்சிவப்பு வேண்டியிருந்தது. ஆறு வருடமாக, நீலம் தலைகாட்டியதுமே, தேனீ அதில் உட்கார்ந்து மகரந்தத்தைக் கலக்கும் முன், பிடுங்கி எறிகிறாள். ஒரே ஒரு வசந்தம் நீலமில்லாமல் பூத்தால் போதும், விதையை வாங்கித் தனிப் பாத்தியே போடுகிறோம் என்று நகரத்துத் தாவரத் தோட்டத்தார் எழுதியிருந்தார்கள். ஊர் சிரிக்குமே என்று இவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த ஒரு வசந்தம்தான் வந்து தொலையமாட்டேன் என்றது.

முழங்கால் வலியோடு குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பண்ணை வில்பர்ன் காப்பிக் கோப்பையோடு வேலியில் சாய்ந்தார்.

"இந்த வருஷம் பரவால்ல நெல்டா, நல்லாவே முளைச்சிருக்கு."

"எது?"

"நீலம்தான். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு டவுன்காரனுங்க கார்ல வந்து இறங்கி, பிள்ளைங்கள பூவுக்குள்ள உக்கார வெச்சுப் படம் புடிக்கிறானுங்கல்ல? அவனுங்க மிதிச்சே அங்கங்க சொட்டை விழுந்துடுது. தனியா இருக்கற பொம்பளை, பாவம்னு தோணுச்சு. அக்டோபர் ஆனா நானே ஒரு பை விதை தூவி விட்டுடுவேன்."

நெல்டா நிமிர்ந்தாள். சொட்டை எல்லாம் அவள் பிடுங்கிய இடங்கள்.

"எத்தனை வருஷமா?"

"அஞ்சாறு வருஷம் இருக்கும். சொன்னா வேண்டாம்பீங்கன்னுதான் சொல்லல."

"அது மிதிச்சதில்ல வில்பர்ன். நான் புடுங்கினது. எனக்கு இளஞ்சிவப்பு மட்டும் வேணும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." யாரைத் திட்டுவது? "போகட்டும். இனிமே தூவாதீங்க. இருக்கறத புடுங்கிட்டா தீர்ந்துடும்ல?"

வில்பர்ன் காப்பிக் கோப்பையை வேலிக்கம்பத்தின் மேல் வைத்தார்.

"தீராது நெல்டா. போன வருஷம் சொட்டை அதிகமா தெரிஞ்சுதுன்னு அக்டோபர்ல மூணு பை போட்டேன். இந்த விதையோட தோல் கல்லு மாதிரி, எல்லாம் ஒரே வருஷத்துல முளைக்காது. பத்து வருஷம்கூட மண்ணுக்குள்ள கெடக்கும்னு கடைக்காரன் சொன்னான்."

நெல்டாவுக்குப் போன மாதம்தான் எழுபத்தெட்டு முடிந்திருந்தது. கூட்டிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.