செனாய்தாவுக்கு அடுத்த ஆள்

எவெலியோ காஸ்கோவின் வாடகைக் காரில் இடது பக்க ஹெட்லைட், மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, இருட்டை அடிக்கத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை வருடாந்திர வண்டிப் பரிசோதனை இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க விளக்கைப் போட்டான். வலது விளக்கு ஊர் விளக்குகளைப் போல மஞ்சளாக எரிந்தது. இடது விளக்கிலிருந்து முப்பது அடி நீளத்துக்குக் கெட்டியான இருட்டு கிளம்பி, சான் எலாதியோவின் பெரிய வீதியில் வெயிலுக்கு நடுவே கிடந்தது. கோழிகள் அதற்குள் போய் அடைந்தன. ரொட்டிக் கடை வரிசையில் நின்ற பெண்கள் வெயிலுக்கு ஒதுங்கி அதற்குள் நின்றுவிட்டு வந்து, உள்ளே அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாசனை அடிக்கிறது, எங்கோ மாட்டுவண்டி கிரீச்சிடுகிறது என்றார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கியூபாவில் அறுபது வருடக் கார்கள்தான் ஓடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு நோவு. எவெலியோ மட்டும் அன்றே மெக்கானிக்கைத் தேடி ஓடினான். பரிசோதனையில் தேறாத காருக்கு ஆள் ஏற்றும் உரிமம் கிடையாது, அவனுக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

இரண்டு நாளில் மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். மூன்று பேரும் வாயால் வண்டி ஓட்டுகிறவர்கள். முதலாமவன் இடது விளக்கைக் கழற்றி வலது பக்கம் மாட்டினான். இருட்டும் வலது பக்கம் போனது. விளக்குதான் கெட்டிருக்கிறது என்று பழையபடி மாற்றி மாட்டி, காப்பியைக் குடித்துவிட்டுப் போனான். இரண்டாமவன் செத்துப்போன ரஷ்யக் கார் ஒன்றிலிருந்து வேறு விளக்கைக் கொண்டுவந்து இடது பக்கம் மாட்டினான். ஒரு மணி நேரம் ஒழுங்காக எரிந்துவிட்டு அதுவும் கறுத்தது. மூன்றாமவன் ஃபியூஸ், சுவிட்ச், காலால் மிதிக்கிற டிம்மர் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தான். விளக்குவரை கரண்ட் வந்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு, இந்த வண்டிக்கு வயர் இழுத்தது யார் என்று கேட்டான். கேட்டவனுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

வயர் இழுத்தவர் நிக்காசியோ பொரெகோ. எண்பத்தாறில் அந்தக் காரைத் தோன் அன்செல்மோ என்கிற கிழவரிடம் அவர் வாங்கினார். ஒரு சினைப் பன்றியும் தையல் மெஷினும் கொடுத்து, கையைக் குலுக்கியதோடு வியாபாரம் முடிந்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள்; பெயர் மாற்றுகிற வேலைக்கு ஆயுசு போதாது என்று காகிதத்தைப் பழைய பெயரிலேயே விட்டுவிடுவார்கள். நிக்காசியோ ஏழு வருடம் அந்த வண்டியை ஒவ்வொரு ஆணியாகத் திரும்பச் செய்தார். அவர் மனைவி செனாய்தா கேட்ட பச்சை நிறத்தை அடித்தார். தொண்ணூற்று மூன்றில் தோன் அன்செல்மோ செத்தார். ஒன்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, அவருடைய அக்காள் மகன் எவெலியோ ஒரு போலீஸ்காரனோடும் காகிதத்தோடும் வந்து காரை ஓட்டிக்கொண்டு போனான். வியாழக்கிழமை செனாய்தாவுக்குக் குடல் வெடித்தது. அப்போது ஊரில் பெட்ரோல் என்பது பேச்சில்தான் இருந்தது; ஆனால் நிக்காசியோவின் கட்டிலுக்கு அடியில், இப்படி ஒரு நாளுக்கென்று, இரண்டு கேன் இருந்தது. ஆள் அனுப்பி எவெலியோவிடம் காரைக் கேட்டார். வண்டி கழுவிக் காய்கிறது என்று பதில் வந்தது. அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருக்க, கரண்ட் போன சாயங்காலத்தில் மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் அவள் பேச்சை நிறுத்தினாள். நிக்காசியோ அழவில்லை, சண்டைக்கும் போகவில்லை. அந்தக் காருக்கு ஏற்ற புது விளக்கு ஒன்றை எங்கோ தேடிப்பிடித்து, செனாய்தாவின் இரவு உடுப்பில் சுற்றி அலமாரியில் வைத்துக்கொண்டு, பத்தொன்பது வருடம் காத்திருந்தார்.

வியாழக்கிழமை காலை எவெலியோ காரை அவர் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். முற்றத்தில் வேறு ஆளே இல்லை. ஆனாலும் எங்கே போனாலும் முதலில் கடைசி ஆள் யார் என்று கேட்டுக்கொண்டு, அவருக்குப் பின்னால் இடம் பிடிப்பது எங்கள் வழக்கம். ரொட்டிக்கும் அதுதான், பல் பிடுங்கவும் அதுதான். கடைசி ஆள் எழுந்து வெளியே போயிருந்தாலும் அவர் இடம் அவருடையது. எவெலியோ சும்மா வாய் வழக்கத்துக்குத்தான் கேட்டான்.

"கடைசி ஆள் யாருண்ணே?"

"செனாய்தா" என்றார் நிக்காசியோ. "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. வந்ததும் அவ வேலைய முடிச்சிட்டு உன்னுதப் பாக்கறேன்."

எவெலியோ சிரித்துப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், ஒரு பாட்டில் ரம்மை நீட்டிப் பார்த்தான். நிக்காசியோ தகர நாற்காலியைக் காட்டினார். காரை வீட்டு வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தச் சொன்னார். விளக்கு எரிந்தபடியே இருக்க வேண்டும், நோவு தெரிந்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும் என்று சொல்லி, பேட்டரிக்குச் சார்ஜ் வயரைத் தன் வீட்டிலிருந்தே இழுத்துக் கொடுத்தார். இருட்டு நேராக அவர் வாசற்படியில் போய் விழுந்தது. பழுது என்னவென்று அவருக்குப் பார்த்த நொடியே தெரிந்துவிட்டது. கருவிப் பெட்டியைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. உரிமம் போனது. எவெலியோ நகரவில்லை, நகரவும் முடியவில்லை. வரிசையில் நிற்பவன் வெளியே போக வேண்டுமானால் பின்னால் இருப்பவனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவனுக்குப் பின்னால் வந்தவர்களை நிக்காசியோ முன்னே அனுப்பிக்கொண்டிருந்ததால், சொல்லிவிட்டுப் போக ஆளே இல்லை. யாராவது ஃபேனோ குக்கரோ கொண்டுவந்தால், உள்ளே போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்து, உங்களுக்கு முதலில் செய்யச் சொல்லி செனாய்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்பார். எவெலியோவுக்கும் கேட்டுச் சொல்லுங்கள் என்று அவன் அக்கா அழுததற்கு, உள்ளே போய்க் கொஞ்சம் அதிக நேரமே நின்றுவிட்டு வந்தார்.

"கேட்டேம்மா. உன் தம்பி பேரச் சொன்னதும் திரும்பிப் படுத்துக்கிட்டா."

ஊரில் ஒருவரும் இதைத் தப்பென்று சொல்லவில்லை. வரிசை என்றால் வரிசைதான். அக்கா தினமும் அலுமினியத் தூக்கில் கறுப்பு அவரையும் சோறும் கொண்டுவந்தாள். முதல் மழைக்காலத்தில் எவெலியோவின் பெண்டாட்டி கமாகுவேய்க்குப் போய் ஒரு பல் டாக்டரோடு குடியேறினாள். இரண்டாவதில் ஒரு புயல் நிக்காசியோவின் கொட்டகைக் கூரையைத் தூக்கிப் போனது. நாற்காலியும் அவனும் அங்கேயே இருந்தார்கள். மூன்றாவதில் அவன் தலை முழுக்க நரைத்தது. மடியில் காரின் காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். நிக்காசியோ தினமும் காலையில் எதிரில் உட்கார்ந்து, அவனைப் பார்த்துக்கொண்டே நிதானமாகக் காப்பி குடிப்பார். அந்தக் காப்பிக்குச் சர்க்கரை தேவைப்படவில்லை என்று பின்னாளில் சொல்லிக்கொண்டார்கள்.

மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆன ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, வாசற்படியில் கிடந்த இருட்டுக்குள்ளிருந்து செனாய்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். போனபோது இருந்த நாற்பத்தொரு வயதுதான், அதே பூப்போட்ட உடுப்புதான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"ஏன்யா இப்படிக் கெழடாயிட்ட? இன்னும் வண்டி வரலையா?"

"வந்திருச்சு. செத்த உக்காரு, வெளக்கு ஒண்ணு மாட்டணும்."

மூன்று பேரை முட்டாளாக்கிய வேலையை நிக்காசியோ பத்து நிமிடத்தில் முடித்தார். அந்தப் பரிசோதனைக்காக எவெலியோ காருக்கு நீலப் பெயின்ட் அடித்தபோது, எர்த் வயர் பிடிக்கிற திருகாணியைக் கழற்றி, அதற்கு அடியிலும் பெயின்டைப் பூசி முறுக்கியிருந்தான். போன கரண்ட் திரும்பி வர வழி இல்லாமல் போயிற்று. நிக்காசியோ திருகாணியைக் கழற்றி, சமையல் கத்தியால் நீலத்தைச் சுரண்டினார்; அடியில் பச்சை வந்தது; பச்சையையும் சுரண்டி வெறும் இரும்பு மினுங்கும்வரை விடவில்லை. எர்த்தை இறுக்கினார். கறுத்த விளக்கைக் கழற்றினார். இரவு உடுப்பைப் பிரித்துப் புது விளக்கை எடுத்து மாட்டினார். இரண்டு விளக்கும் ஒரே மாதிரி எரிந்தன. கட்டிலுக்கு அடியிலிருந்த இரண்டு கேனையும் டாங்கில் ஊற்றி, மனைவியைத் தாங்கிப்பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தார்.

அப்போதுதான் எவெலியோவுக்கு விஷயம் உறைத்தது. "வண்டி என்னுதுண்ணே. பேப்பர் என் பேர்ல இருக்கு."

"பேப்பர நீயே வச்சுக்கடா. நான் என்னைக்காவது பேப்பர் கேட்டனா?"

எவெலியோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். வேலிக்கு வெளியே கூட்டமாக நின்ற பெண்களில் ஒருத்தி, எழுந்தால் இடம் போய்விடும் என்று ஞாபகப்படுத்தினாள். மூன்று வருடம் இரண்டு மாதம் உட்கார்ந்த இடம். அவன் காரைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான். நிக்காசியோ கழற்றிய கறுப்பு விளக்கை அவன் மடியில், காகிதங்களின் மேல் வைத்தார்.

"செனாய்தா வேல முடிஞ்சுது. இனி நீதான் மொத ஆளு."

கார் ஆஸ்பத்திரிச் சாலையில், நல்ல வெயிலில் இரண்டு விளக்கும் எரிய, ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஆஸ்பத்திரிக்கு அன்று அப்படி யாரும் வரவில்லை. கரும்புக் காடு தாண்டிய வளைவில் பச்சைக் கார் ஒன்று போனதைப் பார்த்ததாக ஒரு வண்டிக்காரர் சொன்னார். நீலக் காரை எவரும் பார்க்கவில்லை. போலீஸ் வந்து விசாரித்தது. காகிதம் எவெலியோ பெயரில் சரியாக இருக்கிறது, புகாருக்கு முகாந்திரம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனது.

எவெலியோ அதே நாற்காலியில்தான் இருக்கிறான். விவரம் தெரியாத வெளியூர்க்காரர் யாராவது குக்கரைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குள் வந்து கடைசி ஆள் யார் என்று கேட்டால் கையைத் தூக்குகிறான். மடியிலிருக்கும் விளக்கு வயர் இல்லாமலே வேலை செய்கிறது. மதியத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் அவனைச் சுற்றி வந்து அடைகின்றன. ஒரு நாளைக்கு இரண்டு ராத்திரி கிடைப்பதால் அவை இரண்டு முட்டை இடுகின்றன. அந்தத் தெருவில் முட்டைக்கு வரிசை கிடையாது.