பத்தொன்பதாம் எண் ஸ்பேனர்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். சமையலறைக் குழாயின் அடியில் இரவு வைத்த கிண்ணத்தை எடுத்தான். மூன்று மாதமாகத் தினமும் நிரம்பி வழிந்த கிண்ணம், காய்ந்து கிடந்தது. அதைக் கவிழ்த்துவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தான். பொங்கியதும் அணைத்தான். பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியைக் கொண்டுவருவார்கள்.

நேற்று வேலைக்குப் போகும் வழியில் பஸ் நிறுத்தத்தில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் கசிவு. வயது முப்பத்தொன்று.

எட்டு மணிக்கு வந்த மாமியார் கூடத்தில் உட்காரவில்லை. அவன் பின்னாலேயே நடந்தார்.

"கடைசியா என்ன சொன்னா, மாப்பிள்ள?"

நேற்றுக் காலை செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் நின்று ஏதோ சொன்னாள். அவன் போனைப் பார்த்தபடி "ம்" என்றான். அந்த "ம்" ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் அவள் சொன்னது ஞாபகம் இல்லை.

"'பத்திரமா இருங்க'ன்னு சொன்னா."

மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அவளா? உங்கள 'இருங்க'ன்னா சொன்னா?"

அவன் கூடத்துக்குப் போனான். நாற்காலிகளை வரிசையாகப் போட்டான், கலைத்தான், மறுபடி போட்டான்.

ஒன்பதரைக்குக் கேப்டன் வந்தார். வாழ்நாளில் ஒரு விமானத்தையும் ஓட்டாதவர். ஓய்வுபெற்ற மெக்கானிக். பழைய விமான நிலையத்தின் மூலைக் கொட்டகையில், ஓடாமல் கிடந்த ஒரு தபால் விமானத்தைப் பதினோரு பேர் ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் சீர்படுத்தி வந்தார்கள். அவர் தலைவர். அவள் என்ஜின் பக்கம். "எனக்குப் போட்டியா ஒருத்தன். எழுபது வயசு, ரெண்டு இறக்கை" என்று அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

கேப்டன் கழுத்தைச் சொறிந்தார். "கேக்கக் கூடாத நேரம், தம்பி. பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரக் காணோம். அந்த ஆணியில அவ வில்லதான் தொங்குது."

கொட்டகையில் கருவியை எடுப்பவர், அதன் ஆணியில் தன் பெயர் போட்ட வில்லையை மாட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் என்ஜினைக் கிளப்பக் கூடாது. காணாமல் போனது என்ஜினுக்குள்ளே கிடக்கலாம். வருகிற ஞாயிறு, நாற்பது வருஷத்துக்குப் பின் அதை ஓட்டிப் பார்ப்பதாக இருந்தது.

"பிரிச்சுப் பாக்கணுமா?"

"பிரிச்சா ஆறு மாசம். அது போகட்டும். அவ உள்ள போட்டுட்டு மறந்துட்டான்னு ரெண்டு பேரு பேசுறானுங்க. பல்லக் கடிச்சிட்டு நின்னேன். பல்லும் எனக்குப் பாதிதான் இருக்கு."

"வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருப்பாளோ?"

"அவளா? 'வெளியே எடுத்துச் செல்லாதீர்'னு பெயிண்ட்ல எழுதுனதே அவதான!"

அவன் தேடினான். அவள் கைப்பை, அலமாரி, கட்டிலடி, ஸ்கூட்டர் டிக்கி. துக்கம் கேட்க வந்தவர்கள் கால்களை நகர்த்தி வழிவிட்டார்கள். யாரோ அவன் தோளைப் பிடித்து உட்காரச் சொன்னார்கள். விலக்கிவிட்டுச் சமையலறைக்குப் போனான்.

கழுவுதொட்டியின் அடியில், சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால், அவனுடைய கிழிந்த பனியனில் சுற்றி வைத்திருந்தாள். கைப்பிடியில் பத்தொன்பது என்று பொறித்திருந்தது. கூடவே, நைந்துபோன குழாய் வாஷர் ஒன்று.

பிளம்பரை நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று மூன்று மாதமாக அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

தரையிலேயே உட்கார்ந்தான். பின்னால் வந்து நின்ற கேப்டனிடம் ஸ்பேனரை நீட்டினான். அவர் அதைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்.

"திருட்டுக் கழுத" என்றார். ஸ்பேனரைக் கைக்குட்டையில் துடைத்து, சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு வெளியே போனார்.

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் எல்லோரும் எழுந்தார்கள். மாமியார் மட்டும் உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தார். பிறகு, அந்த வீட்டுக்கு வருகிற எல்லோரும் செய்வதுபோல, குழாயை இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு முறுக்கினார்.

"அத்தை, வேணாம்." எழுந்து அவர் கையை விலக்கினான். குழாயைத் தளர்த்தி, ஒரு விரலால் மூடினான். சொட்டவில்லை. "இதத்தான் சொன்னா."

"எத?"

"'புது வாஷர் போட்டிருக்கேன். இனிமே முறுக்கித் தொலைக்காதடா. லேசா மூடு, போதும்.'"