ரேஷன் வேட்டி

தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது பொன்னிக்குப் பிடரி சுண்டி இழுத்தது. நேற்று மத்தியானம் வரை உப்புக் கூடை சுமந்த கழுத்து. அந்த உப்புப் பாத்தியிலேயே அவள் புருஷன் ராஜாங்கம் உப்பு வாரும் பலகையும் கையுமாகச் சரிந்து விழுந்தார். இப்போது வாசல் பெஞ்சில் பிணமாகக் கிடக்கிறார். ஆண்கள் குடத்தை வாங்கி ஊற்றினார்கள்.

"கோடி எங்கம்மா?" என்றார் குளிப்பாட்டியவர்.

கோடித்துணி பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். கிளியனூர்த் தம்பி ஏழு மணிக்கே போனில் "கெளம்பிட்டேன்க்கா" என்றான். மணி பதினொன்று. போன் சுவிட்ச் ஆஃப்.

வீட்டில் புது வேட்டி கிடையாது. பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுப்பதை ராஜாங்கம் வாங்கவிட்டதே இல்லை. "நாம என்னா இல்லாதவனா? நமக்குக் கீழ எவ்ளோ பேரு இருக்கான், அவனுக்குக் குடுக்கட்டும்." உப்பள முதலாளி மூன்றாவது மாடி எழுப்பியபோது, "அவரு மூள, சம்பாரிக்கிறாரு" என்றவர், பக்கத்து வீட்டு மங்கம்மாவைப் பார்த்தால் மட்டும், "ஓசின்னா விடியறதுக்குள்ள க்யூல நிப்பியே" என்பார். நமக்குக் கீழே யாரென்று பொன்னி ஒருநாள் தெருவில் வீடு வீடாக எண்ணிப் பார்த்தாள். ஒருவரும் அகப்படவில்லை. அவரிடம் சொல்லவில்லை.

மங்கம்மா மடிப்புக் கலையாத வேட்டியோடு வந்தாள். கரையைப் பார்த்தாலே ரேஷன் என்று தெரியும்.

"இந்தா, கட்டச் சொல்லு. எத்தினி நாளு என்னை ஓசின்னாரு. இப்ப சொல்லச் சொல்லு பாப்பம்."

பொன்னி கை நீட்டவில்லை.

"ஈரத்தோட எவ்ளோ நேரம்மா போட்டு வெக்கிறது?" என்றார் குளிப்பாட்டியவர்.

"சும்மா வேணாம்க்கா," என்றாள் பொன்னி.

"என்னாடி சொல்ற?"

"அவருக்கு ஆவாது. கடனா குடு."

மங்கம்மா அவளையே பார்த்தாள். "சரி. கடனாவே வெச்சுக்க."

கட்டினார்கள். கரை தெரியாதபடி பொன்னி உள்ளே மடித்துச் செருகினாள். முதலாளி அனுப்பிய மாலை அதன்மேல் கிடந்தது.

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையில் நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். பிள்ளையில்லாத வீடு. வாசல் கழுவிய தண்ணீர் இன்னும் காயவில்லை. பொன்னி அதிலேயே உட்கார்ந்தாள். தம்பி வரவில்லை.

மங்கம்மாவுக்கு ஒரு வேட்டி தரவேண்டும். கடையில் காசு கொடுத்து வாங்கியதாக.