காயாத எழுத்து

பல் பிடுங்கிய காலையில் அறையில் இருந்தவர்கள் நான்கே பேர்: பல் டாக்டர், நர்ஸ், பெயர்ப்பலகை எழுதும் தம்பி, அவருடைய அக்கா. தம்பி எழுதிய பெயிண்ட் நான்கு வருடங்களாகக் காய்வதில்லை. நெஞ்சுவலி வந்து, ரத்தம் உறையாமலிருக்க இதய டாக்டர் கொடுத்த சின்ன மாத்திரையைத் தினமும் சாப்பாட்டுக்குப் பின் போடத் தொடங்கிய வாரத்திலிருந்தே அப்படி. கடைத்தெருப் பலகைகள் எல்லாம் ஈரமாக மின்னின. புறாக்கள் நீலக் காலோடு திரிந்தன. ஆனால் ஓர் எழுத்தும் வழியவில்லை. அக்காவுக்கு அது போதும். மூன்று தலைமுறையாகக் கை நடுங்காத குடும்பம். தம்பியின் நெஞ்சுவலிப் பேச்சை அவள் வாசல் தாண்ட விட்டதில்லை.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

அக்கா முந்திக்கொண்டாள். "எங்க குடும்பத்துல மாத்திரைங்கிற பேச்சே கிடையாது."

தம்பி திறந்த வாயை மூடி, பிறகு பல்லுக்காகத் திறந்தார். பல் வந்தது. ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு மாற்றி மாற்றி முக்கால் மணி நேரம் போனது. நர்ஸின் முகம் வெளுத்தது.

"எதையோ மறைக்கிறீங்கம்மா. நான் கண்ணைக் கட்டிக்கிட்டு வைத்தியம் பாக்க முடியாது," என்றார் டாக்டர்.

வாய் நிறையப் பஞ்சோடு தம்பி பேனாவை வாங்கி, மருந்துச் சீட்டில் கோடு போட்டாற்போல எழுதினார்: 'அக்கா, சொல்லட்டுமா?' அவர் உதடு சாம்பல் நிறமாகியிருந்தது.

அக்கா எழுந்து நின்றாள். "நானே சொல்றேன். ரத்தம் உறையாம இருக்க தினம் ஒரு மாத்திரை, நாலு வருஷமா. அதே மருந்து வலிக்கும் கேக்கும்னு, பல்வலிக்கு அதுலயே பெரிய மாத்திரையா மூணு நாளா வேற முழுங்கியிருக்கான், கழுதை."

"இதுல என்னம்மா கௌரவக் குறைச்சல்? முதல்லயே சொல்லியிருந்தா தயாரா இருந்திருப்பேன்." இரண்டு தையல் போட்டு, மருந்துப் பஞ்சை அழுத்தினார். ரத்தம் நின்றது. "வலிக்குன்னு மேல மேல போடாதீங்க, வயிறு புண்ணாகும். அதுக்காக தினசரி மாத்திரைய நீங்களா நிறுத்திடவும் கூடாது. இதய டாக்டர்கிட்ட நானே பேசுறேன்."

அடுத்த மாதம் பல் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பலகை வந்தது: 'ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் சொல்லவும்.' இன்றும் அது ஈரம்தான். வருகிறவர்கள் சட்டை படாமல் ஒதுங்கி நுழைகிறார்கள்.

டாக்டர் வற்புறுத்தி எழுதவைத்தார், அந்தக் குடும்பம் தலைகுனிந்து எழுதியது என்று சிலர் சொல்கிறார்கள். தவறு. டாக்டர் கேட்கவேயில்லை. வாசகம் அக்காவுடையது. எழுத்து ஒரு சாண் உயரம் இருக்கவேண்டும் என்றதும் அவள்தான்.